கைப்பிடி இல்லாத கிண்ணங்கள்

மட்டாஞ்சேரி பஜாரில் தேயிலை ருசி பார்க்கும் அறைக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், தலையில் ஒரு முழம் மல்லிகைப் பூ வைத்திருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் பூ இல்லாமல் போவதா என்று நினைத்தேன். அங்கே ருசி பார்ப்பவர் ஹாஜரா இத்தா. என் தோளைப் பிடித்துத் திருப்பி, வாசலுக்கு வெளியே நடத்திக்கொண்டு போனார். பூவை எடுத்து என் கையில் கொடுத்து, தலையை அலசிவிட்டு வரச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். கையில் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாததால் குழாயடிக்குப் போனேன்.

இத்தா என்றால் இந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவர் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது தமிழ், எழுதத் தெரிந்தது மலையாளம் மட்டும். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தார். அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு, எங்கள் கம்பெனியில் கோப்பை கழுவச் சேர்ந்தார். கழுவும் முன் ஒவ்வொரு கோப்பையிலும் மிச்சம் இருப்பதை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். பத்து வருடம் அப்படிப் பார்த்திருக்கிறார். இருந்த டேஸ்டர் வேலையை விட்டுப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று முதலாளி அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு வேறு ஆளைத் தேடவே இல்லை. மூணாறு, நீலகிரி என்று எங்கிருந்து சாம்பிள் வந்தாலும் இத்தா சரி என்றால் சரக்கு வாங்கப்படும், வேண்டாம் என்றால் லாரி திரும்பும்.

அதற்காக அவர் இருந்த இருப்பு சாதாரணமானது இல்லை. மத்தியானம் வரை வெங்காயம் தொட மாட்டார். தலைக்கு எண்ணெய் கிடையாது. பெருநாள் அன்றுகூட அத்தர் பூசமாட்டார், மறுநாள் மூக்கு மந்தமாகிவிடும் என்று.

என் வேலை தேயிலையை ஊறப்போடுவது. எந்தச் சரக்கானாலும் எங்கள் அறையில் ஒரே சட்டம்தான். இரண்டே முக்கால் கிராம் இலையை நிறுத்து மூடிக்கோப்பையில் போட வேண்டும். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் விட வேண்டும். பிறகு சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையை மூடியில் கவிழ்த்துக் கோப்பையின் மேலேயே வைத்து இத்தாவின் முன்னால் வரிசையாக அடுக்க வேண்டும். வீட்டில் யாரும் இப்படிச் சாயா போட்டுக் குடிக்க முடியாது, வாய் கட்டிவிடும். ஆனால் இது குடிப்பதற்கு அல்ல, குற்றம் கண்டுபிடிப்பதற்கு. கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் கிடந்தால் இலையில் உள்ள அத்தனை குற்றமும் வெளியே வந்துவிடும் என்பார் இத்தா. இலையைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பது போலத்தான் அது.

மூன்று வருடத்துக்கு முன் இத்தா காய்ச்சலில் படுத்தார். பதினேழு நாள் கழித்து வேலைக்கு வந்தார், இளைத்திருந்தார், மற்றபடி பழைய ஆள்தான். அன்று வந்த சாம்பிள்களில் ஒன்று, சுக்கு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த சரக்கு. நான் மூடியைத் திறந்ததுமே சுக்கு வாடை முகத்தில் அடித்தது. இத்தா அந்த இலையை முகத்துக்கு நேரே தூக்கி மோந்து பார்த்தார், சாற்றைக் கரண்டியால் உறிஞ்சினார், துப்பினார், அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார். குற்றம் இல்லை என்று எழுதப் போனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ருசி பார்க்கிறவருக்கு மணம் தெரியவில்லை.

டாக்டர்களிடம் போனார். வரும் என்றார்கள் சிலர், வராமலும் போகலாம் என்றார்கள் சிலர். வரவில்லை. கசப்பு, துவர்ப்பு, தித்திப்பு எல்லாம் நாக்கில் இருந்தது. மூக்குக்கு உள்ளது மட்டும் போய்விட்டது. வெளியே தெரிந்தால் நாக்கையும் சேர்த்து யாரும் நம்பமாட்டார்கள் என்று பயந்தார். அப்போது மகள் ஃபிதா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். மூடியைத் திறக்கும்போது நான் மோந்து பார்ப்பேன். குற்றமில்லை என்றால் கோப்பையின் கைப்பிடி இத்தாவைப் பார்த்து இருக்கும். புகை வாடை என்றால் இடப்பக்கம், பூஞ்சை என்றால் வலப்பக்கம், வேறு ஏதாவது ஏறியிருந்தால் எதிர்ப்பக்கம். மற்றதை இத்தாவின் கண்ணும் நாக்கும் பார்த்துக்கொள்ளும். மூன்று வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. நாற்காலியில் இத்தா இருந்தாலும், பாதித் தீர்ப்பு என்னுடையது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. பார்க்கிற எல்லாவற்றையும் மோந்து மோந்து என் மூக்கே பெரிதாகிவிட்டது போல நடந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஃபயாஸின் சீனத் தேயிலை வந்தது. ஃபயாஸ் மட்டாஞ்சேரிக்காரன், முப்பத்து மூன்று வயது. சீனாவில் ஆறேழு வருடம் கடைச் சரக்கு பிடித்து அனுப்பிக்கொண்டிருந்துவிட்டு, சொந்தமாக இறக்குமதி செய்ய ஊருக்கு வந்திருந்தான். முதல் சரக்கே தேயிலை, ஃபோர்ட் கொச்சியில் உள்ள ஒரு ஹோட்டலுக்காக. வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கி, வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் பெட்டிகள் இருந்தன. எங்கள் அறையிலிருந்து நல்ல சரக்கு என்று கடிதம் வந்தால்தான் ஹோட்டல் எடுத்துக்கொள்ளும். அந்த விலைக்கு அந்தத் தேயிலையை வாங்க இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாம்பிள் வந்தது. கருத்த, முறுக்கிய, அழகான இலை. எங்கள் சட்டப்படி ஊறப்போட்டு மூடியைத் திறந்தேன். விறகடுப்புப் புகை குப்பென்று வந்தது. எங்கள் தொழிலில் புகை என்றால் உலர்த்துகிற இடத்தில் அடுப்பு ஓட்டையாகி இலை கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதற்கு மன்னிப்பே கிடையாது. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பி வைத்தேன். இத்தா உறிஞ்சிப் பார்த்தார். நாக்கிலும் முரட்டுத் துவர்ப்பு. ஆனாலும் இலையை நீண்ட நேரம் பார்த்தார். இவ்வளவு கவனமாகக் கிள்ளி முறுக்கிய ஆள் அடுப்பைக் கவனிக்காமல் விட்டிருப்பானா என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். புகைதானா என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“நான் சொல்லிட்டன்லா இத்தா. எம்மூக்கு மேல சந்தேகம்னா வேற ஆளு வச்சுக்கிடுங்க.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. புகை ஏறிய சரக்கு, வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஃபயாஸ் வந்தான். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலாளி ஷாகுல் ஹமீது, நாங்கள் ஹமீதிக்கா என்று கூப்பிடுகிறவர், ஹோட்டலுக்குப் போகவேண்டிய கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். ஃபயாஸ் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். இந்தத் தேயிலையைப் பைன் மர விறகின் புகையில்தான் காயவைப்பார்கள், புகை அதன் குற்றம் இல்லை, பிறவிக்குணம். ஆனால் கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் புகை மட்டும்தான் முன்னால் வந்து நிற்கும், மற்றது எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். இத்தா முன்னால் தானே ஊறப்போட்டுக் காட்ட அனுமதி வேண்டும் என்றான்.

ஹமீதிக்கா கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார். நான் வழக்கம் போல கெட்டிலை எடுக்கப் போனேன்.

“செல்வி, நீ தொடண்டாம். அவன் செய்யட்டு,” என்றார் ஹமீதிக்கா.

சுவரோரம் போய் நின்றேன். இத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஆனால் மேசைக்குக் கீழே அவருடைய கை முந்தானை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது.

ஃபயாஸ் ஒரு பையிலிருந்து மூன்று சின்ன வெள்ளைக் கிண்ணங்களை எடுத்தான். மூடி இருந்தது, கைப்பிடி இல்லை. திருப்பி வைக்க ஒன்றும் இல்லை. ஃபிளாஸ்க், தண்ணீரின் சூடு பார்க்கும் கருவி எல்லாம் கொண்டுவந்திருந்தான். ஒரு கிண்ணத்தில் எங்கள் சட்டம், கொதிதண்ணீர், ஐந்து நிமிடம். இன்னொன்றில் இலையைக் கூடுதலாகப் போட்டு, கொதி அடங்கிய தண்ணீர், ஒன்றரை நிமிடம். மூன்றாவதில் அதே தண்ணீர், மூன்று நிமிடம். எது எது என்று இத்தாவுக்குத் தெரியக்கூடாது, அவரைச் சன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னான். எல்லாம் ஒரே நேரத்தில் முடியும்படி ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினான். சாற்றை எங்கள் கிண்ணங்களில் வடித்து, நிறம் ஒன்றுபோல் ஆகும்வரை கருத்திருந்த இரண்டில் கொஞ்சம் வெந்நீர் சேர்த்தான். கிண்ணங்களை இடம் மாற்றி வைத்தான். சாயாக்கடையில் ஆற்றுகிற கை இல்லை அது, மருந்து அளக்கிற கை.

“இத்தா, மூணும் ஒரே இல. எது எப்படி இருக்குதுன்னு பறைஞ்சா போதும். அதுக்கப்புறமும் கெட்டதுன்னா நான் பெட்டியத் திருப்பி எடுத்துக்குறேன்.”

இத்தா திரும்பி உட்கார்ந்தார். வெளியே யாரோ ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது எனக்கு.

முதல் கிண்ணத்தை உறிஞ்சினார். துப்பினார். இது எங்கள் அறையில் போடுவது, துவர்ப்பு பல்லில் ஏறுகிறது என்றார். ஃபயாஸ் தலையசைத்தான். இரண்டாவதை உறிஞ்சி வாயில் வெகுநேரம் வைத்திருந்தார். துவர்ப்பு இல்லை, பின்னால் தித்திப்பு இருக்கிறது என்றார். மூன்றாவது அதற்கும் முதலாவதற்கும் நடுவில் என்றார். மூன்றும் சரி. என் மூச்சு கொஞ்சம் இறங்கியது. நாக்கை வைத்தே தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன்.

அப்போது ஹமீதிக்கா முன்னால் சாய்ந்து, மணம் எப்படி, புகை குறைந்திருக்கிறதா, அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா, ஹோட்டல்காரன் கேட்பதே அதைத்தான் என்றார்.

இத்தா இரண்டாவது கிண்ணத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். அந்தக் கிண்ணத்து ஆவி சுவரோரம் நின்ற எனக்கு வந்தது. புகை இருந்தது, ஆனால் தூரத்தில், எங்கோ பக்கத்து வீட்டில் எரிகிற அடுப்பு போல. முன்னால் வந்தது ஒரு தித்திப்பு மணம். வெள்ளிக்கிழமை நான் கெட்டது என்று திருப்பி வைத்த அதே இலை. தப்பு தேயிலையில் இல்லை, என்னிடம்தான். அன்று இத்தா இரண்டு தடவை கேட்டார், நான் எரிந்து விழுந்தேன்.

இத்தாவை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. இரும வேண்டும், தலையாட்ட வேண்டும், உதட்டை அசைத்து நல்லது என்று சொல்ல வேண்டும். அதெல்லாம் வேண்டியதே இல்லை என்றும் தோன்றியது. எதிரே ஃபயாஸின் முகம் அப்படியே திறந்து கிடந்தது. பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை முகம். நல்ல மணம் என்று இத்தா வாய் திறந்து சொன்னால் போதும், எல்லோருக்கும் சந்தோஷம், கதை முடிந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

“செல்வி, மிண்டாத, பேசாம நில்லு,” என்றார் இத்தா, கண்ணைத் திறக்காமலே.

கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

“ஹமீதிக்கா, நாக்குக்குள்ளது நான் பறைஞ்சிட்டேன். மணத்த எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு மணம் அறியாது. காய்ச்சல் வந்துட்டுப் போனதுல இருந்து ஒன்னும் இல்ல. மூணு வருஷம் ஆச்சு.”

ஹமீதிக்கா அவரையே பார்த்தார். இருபத்தைந்து வருடமாகத் தெரிந்த ஒருவரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மிக மெதுவாக, அப்படியானால் இத்தனை நாள் யார் பார்த்தது என்று கேட்டார். இத்தா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் வாயிலிருந்து என் பெயர் வராது என்று எனக்குத் தெரிந்தது. சும்மா நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன், அதையும் சொல்ல வேண்டும். ஒரு நொடி அப்படி நிற்கத்தான் நினைத்தேன்.

“நான்தான் பாத்தேன், ஹமீதிக்கா. வெள்ளிக்கிழம புகைன்னு சொன்னதும் நான்தான். இத்தா ரெண்டு தடவ கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது கெட்ட புகை ஒன்னுதான்.”

ஹமீதிக்கா என்னை மேசைக்குக் கூப்பிட்டார். மூன்று கிண்ணத்தையும் மோந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். மூன்றையும் வரிசையாக மோந்து பார்த்தேன். நான் உணர்ந்ததைச் சொன்னேன். நல்ல சரக்கு, கொதிதண்ணீர் ஊற்றக்கூடாது, ஒன்றரை நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது என்று ஹோட்டலுக்கு எழுதினால் போதும் என்றேன். ஃபயாஸ் நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஹமீதிக்கா அவரும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பழைய கடிதத்தைக் கிழித்தார். புதியது எழுதி அனுப்பியபோது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

பிறகு கதவைச் சாத்திவிட்டு எங்கள் இரண்டு பேரிடமும் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று வருடமாக அந்த அறையிலிருந்து போன ஒவ்வொரு கடிதத்திலும் தன் கம்பெனிப் பெயர் இருக்கிறது என்றார். இத்தா நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். என்னை இருக்கச் சொன்னார். வேறு மூக்கு இல்லை அவருக்கு, அவ்வளவுதான் காரணம். தப்புச் செய்தவள் இருக்கிறாள், உண்மையைச் சொன்னவர் போகிறார். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. இத்தா சரி என்று மட்டும் சொன்னார். தன் கரண்டியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார்.

அவரைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே நடந்தேன். அரிசி மண்டிகளைத் தாண்டிப் படகுத்துறைப் பக்கம் போய் ஒரு திண்டில் உட்கார்ந்தோம். மத்தியான வெயில் தண்ணீரில் கண்ணைக் கூச வைத்தது. நான் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன, எல்லாம் முடிஞ்சிருக்கும்லா என்று.

“சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தே சொல்லியிருக்கலாம். ஆனா நாளைக்கு நல்ல மொகத்தோட ஒருத்தன் கெட்ட சரக்கக் கொண்டுவந்தா, நான் எதப் பாத்துச் சொல்லுவேன்?”

படகு ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இத்தா அதைப் பார்த்துக்கொண்டே, அந்த இரண்டாவது கிண்ணம் என்ன மணம் என்று கேட்டார். ஹமீதிக்காவிடம் சொன்னது போல வேண்டாம், தனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னார்.

எனக்குச் சட்டென்று வரவில்லை. எங்கள் ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிற இடத்தைச் சொன்னேன். அதை அவர் பார்த்ததில்லை என்று கையை ஆட்டினார். யோசித்தேன். அவர் வீட்டுக்கு நோன்பு மாதத்தில் போயிருந்தது நினைவு வந்தது.

“பிரியாணி தம் போட்டு, மூடி மேல கங்கு அள்ளி வச்சிருப்பீங்கள்லா இத்தா. அந்தப் புகை. அதுகிட்ட உக்காந்து நீங்க பேரீச்சம்பழம் பிளந்துகிட்டு இருந்தா எப்படி இருக்கும். மொதல்ல பழம் வருது. பொறவுதான் கங்கு.”

இத்தா கண்ணை மூடிக் கேட்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வரை வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றார். “மெதுவா.”

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.